மூப்பன்று, தேய்வு

(எம். ரெட்டியபட்டியில் ஆற்றிய உரை)



திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர் எழ மாட்டாமல் தூணைப் பற்றுவதைக் காண்கிறோம். ‘அகவையாகிவிட்டது, அப்படித்தான்’ என்று கடந்து போகிறோம். அதில் பாதிதான் உண்மை. முப்பதைக் கடந்தபின் பத்தாண்டுக்கு நூற்றுக்கு மூன்று முதல் எட்டுப் பங்கு தசை குறைவதும், அறுபதுக்குமேல் அக்குறைவு விரைவதும் இயற்கை. ஆனால் ஊட்டக்குறைவும் சேர்ந்து அரிக்கும்போது அது வெறும் மூப்பன்று, நோய். தூணைப் பற்றும் கை ஒருநாள் தவறினால் இடுப்பெலும்பு முறியும். முறிந்தவருள் பலர் பாயைவிட்டு எழுவதில்லை. 1989இல் அமெரிக்க அறிஞர் இர்வின் ரோசன்பெர்க்கு, ஊன் எனவும் குறை எனவும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து இதற்குப் பெயரிட்டார். நமக்குத் ‘தசைத்தேய்வு’ போதும். கேட்ட அளவில் பாட்டிக்கும் விளங்கும்.

அப்பாட்டி உண்பதென்ன? காலையில் கடுந்தேநீரும் ஒரு பொறையும். நண்பகலில் பங்கீட்டுக்கடை அரிசிச் சோறும் மிளகுச்சாறும். இரவில் எஞ்சிய சோற்றில் நீர். முட்டை வாங்கினால் அது பேரனுக்கு. வயிறு நிறைகிறது, தசை பட்டினி கிடக்கிறது. கணக்குப் பாருங்கள். முதியோர்க்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் நாள்தோறும் வேண்டும் என்பர் வல்லுநர். ஐம்பது கிலோ எடையுள்ள பாட்டிக்கு ஐம்பது கிராமுக்குக் குறையலாகாது. முந்நூறு கிராம் அரிசி தருவது ஏறத்தாழ இருபதே. நூறு கிராம் கொள்ளிலோ 22 கிராம் உண்டு. கம்பும் துவரையும் உளுந்தும் பாசிப்பயறும் விளையும் இந்த வானவாரிக் கரிசலில் பயற்றை விற்றுவிட்டு வெள்ளரிசி உண்கிறோம்! ‘பருப்பு வளி, கிழவிக்கு ஆகாது’ என்று மருமகள் சொல்ல, மாமியாரும் நம்பிவிடுகிறார். ஊறவைத்துக் குழைய வேகவைத்தால் பல்லில்லாதவர்க்கும் இறங்கும். சிறுநீரக நோயுடையார் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்க.

அரசு அறியாததன்று இது. 1962இல் முதியோர் உதவித்தொகை தொடங்கிற்று. 1982 சூலையில் குழந்தைகளுக்கென வந்த சத்துணவுத் திட்டம், 1983 சனவரியில் அத்தொகை பெறும் முதியோர்க்கும் விரிக்கப்பட்டது. 2023இல் உதவித்தொகை 1,200 உருவாவாக உயர்ந்தது. அதைப் பேரனின் கைப்பேசிக்குக் கொடுத்துவிடும் பாட்டிமார் இங்கும் இருக்கலாம். பெயர் சொல்ல மாட்டேன்.

உண்ட புரதம் தசையாக வேண்டுமெனில் தசைக்கு வேலை வேண்டும். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்தமர 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் ஐயுற வேண்டும் என 2019இல் ஆசிய வல்லுநர் குழு வகுத்தது. கெண்டைக்காலின் சுற்றளவு ஆடவர்க்கு 34, பெண்டிர்க்கு 33 செ.மீ.க்குக் குறைந்தாலும் அவ்வாறே. அளவுநாடா கொண்டுவந்துள்ளேன். கூட்டம் முடிந்ததும் அறுபது கடந்தோர் அந்த வேப்பமரத்தடி விசிப்பலகைக்கு வருக.