72 மணித்தியாலமும் ஒரு பழைய வழக்கும்

எனக்குப் பாடம் சொல்லித் தந்தவர்கள் முன்வரிசையில் இருக்க, ஹட்டனில் கூடும் இந்த மாநாட்டின் தலைமையை என்னிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். பெருமையாக இருக்கிறது, கொஞ்சம் பதற்றமாகவும் இருக்கிறது.

மாநாட்டின் பொருள் மலையகப் பெண்களின் சுகாதாரம். இரத்தச்சோகை, பிரசவ கால மரணம், பிள்ளை மடுவம் பற்றியெல்லாம் நல்ல கட்டுரைகள் வந்திருக்கின்றன. அவற்றை அந்தந்த அமர்வுகளுக்கே விடுகிறேன். என் நேரத்தை ஒரே வழக்குக்குச் செலவிட அனுமதி கேட்கிறேன். அவசர கருத்தடைக் குளிசை கருவைக் கலைக்கிறதா?

கலைக்கிறது என்றே நம்மவர் சிலர் எழுதிவருகிறார்கள். என் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர், இந்த அவையில்தான் இருக்கிறார், அதைத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவோடு சேர்த்தே பேசுவார். தாயின் உயிரைக் காக்க அன்றிக் கருக்கலைப்புக்கு இடம் தராத 1883ஆம் ஆண்டுச் சட்டம் அது. பாமசியில் சீட்டு இல்லாமலே கிடைக்கும் போஸ்டினர் என்ற அந்தக் குளிசைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

பிட்யூட்டரி சுரப்பியின் எல்எச் ஓமோன் சட்டென்று உயரும்போதுதான் சூலகத்திலிருந்து முட்டை வெளியேறுகிறது. அந்த உயர்வுக்கு முன்னே குளிசையிலுள்ள 1.5 மில்லிகிராம் லெவோனோஜெஸ்ட்ரல் உள்ளே போனால் முட்டை வருவது தள்ளிப்போகும். அதற்குள் விந்தணுக்கள் செத்துவிடும். உயர்வு தொடங்கிவிட்டால் குளிசையால் அநேகமாகப் பயனில்லை.

இதற்குச் சான்று சிலியிலிருந்து வந்தது. அங்கே 2008இல் இதே கேள்வி அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய், அரச சுகாதார சேவையில் குளிசை தடைப்பட்டது. நோயே, குரோக்ஸாட்டோ குழுவினர் 2011இல் வெளியிட்ட அந்த ஆய்வை நம் கட்டுரைகளில் நான் காணவில்லை. முட்டை வெளியேறுமுன் குளிசை எடுத்த 103 பெண்களில் 16 பேர் கருத்தரிப்பார்கள் என்பது கணக்கு, ஒருவரும் தரிக்கவில்லை. வெளியேறிய நாளிலோ பிறகோ எடுத்த 45 பேரில் எட்டு, ஒன்பது பேர் என்பது கணக்கு. 8 பேர் தரித்தார்கள். கருக்கட்டிய முட்டை பதிவதைக் குளிசை தடுக்குமென்றால் அந்த எட்டுக் கருவும் எப்படித் தங்கின? அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமும் 2022இல் ‘பதிவதைத் தடுக்கலாம்’ என்ற கருத்தை மருந்தின் விவரக் குறிப்பிலிருந்து நீக்கிவிட்டது.

கருக்கட்டலோடு உயிர் தொடங்குகிறது என்று நம்புகிறவரை நான் குறைத்துப் பேசவில்லை. அவசரத்துக்குச் செப்பு லூப் வைத்தால் பதிவதும் தடைபடலாம். அங்கே அவர் கேள்வி நியாயமானது. அதைக் குளிசைமேல் ஏற்றுவதுதான் தவறு.

நம் தோட்டங்களில் அறக்கேள்வி இருக்கும் இடமே வேறு. 1980களில் பிள்ளை பெறாமலிருக்க ஆப்பரேசன் செய்துகொண்டால் அரசு 500 ரூபாய் கொடுத்தது. ‘பேர்’ எனும் நாட்சம்பளத்துக்கு உழைத்து அன்றாடம் பிழைக்கும் பெண்ணிடம் பணத்தைக் காட்டி வாங்கியது சம்மதமா? தோட்டங்களில் நடந்த கருத்தடை அத்துமீறல்களைச் சசிகுமார் பாலசுந்தரம் 2011இல் எழுதினார்; எத்தனை பேர் படித்தோம்? ஆயுளுக்கும் கருப்பாதையை அடைத்தபோது எழாத குரல், பெண் தானே முடிவெடுத்து விழுங்கும் ஒரு குளிசைக்கு மட்டும் ஏன் எழுகிறது?

உறவுக்குப் பின் 72 மணித்தியாலத்துக்குள் குளிசையை எடுக்க வேண்டும். எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. வெள்ளி இரவு ஆணுறை கிழிந்துவிட்டது என்று வையுங்கள். சனிக்கிழமை மலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை. கொழுந்து நிறுத்துவிட்டு மேல் டிவிசனிலிருந்து இறங்குவதற்குள் பஸ் போய்விடும். ஞாயிறு டவுனுக்கு வந்தால் பாமசியில் அதே லயத்து ஆட்கள் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒரு கார்ட் பனடோல் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறாள். திங்கட்கிழமைக்குள் எல்எச் உயர்ந்திருக்கலாம். இந்தத் தாமதத்துக்கு யார் பொறுப்பு என்பதுதான் நாம் விவாதிக்க வேண்டிய அறம்.

தோட்ட டிஸ்பென்சரியிலும் மருத்துவிச்சியின் பையிலும் இந்தக் குளிசை இருக்க வேண்டும், கேட்பவளிடம் காரணம் கேட்கக் கூடாது என்று இம்மாநாடு தீர்மானம் எடுக்கக் கோருகிறேன். நண்பர் எதிர்ப்பதானால் பிற்பகல் அமர்வு அவருக்காகத் திறந்திருக்கிறது. முதலில் அந்த எட்டுக் கருவுக்கு விளக்கம் சொல்லட்டும்.