போகம்பறையில் ஆறுக்கு ஆறு

கண்டி மாநகரின் நடுவே, போகம்பறைத் திடலில், 1906ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 11ஆம் நாள் சனிக்கிழமையன்று, இரு பாடசாலைகளின் மாணவர்கள் முட்டை வடிவான பந்தொன்றின் பொருட்டுத் தோளோடு தோள் மோதி நின்றனர். ஒருபுறம் கிங்ஸ்வூட் கல்லூரி. மறுபுறம் திரினிற்றிக் கல்லூரி. ஆட்டம் முடிந்தபோது இரு பக்கத்தாரும் ஆறு ஆறு புள்ளிகள் பெற்றிருந்தனர். வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை. இலங்கையில் இரு பாடசாலைகள் தம்முள் ஆடிய முதலாவது றக்பி ஆட்டம் இதுவே.

அக்காலத்தில் பந்தை எதிரணியின் எல்லைக்கு அப்பால் கொண்டு சென்று தரையில் ஊன்றும் 'ட்ரை'க்கு மூன்று புள்ளிகளே வழங்கப்பட்டன. இன்று அது ஐந்தாகிவிட்டது. ஆகவே அன்றைய ஆறு புள்ளிகளை இன்றைய கண்ணால் அளந்து, ஆட்டம் மந்தமானது என்று எண்ணிவிடலாகாது.

இந்த ஆட்டத்தின் பின்னால் பதினைந்து ஆண்டுக் காத்திருப்பு ஒன்று உண்டு. கண்டியிற் பிறந்து, திரினிற்றியிற் கல்வி பயின்று, இந்தியாவில் ஆசிரியப் பணியாற்றி மீண்டவர் லூயிஸ் எட்மன்ட் புளேஸ் என்னும் பறங்கியர் குலப் பெரியார். அவர் 1891ஆம் ஆண்டு மே மாதத்தில், பெவிலியன் வீதியிலே, பதினொரு மாணவரோடு ஒரு சிறு பாடசாலையைத் தொடங்கினார். கிங்ஸ்வூட் என்னும் பெயர் அதற்குப் பின்னரே வந்தது. பதினொருவரைக் கொண்டு ஒரு றக்பி அணியைத்தானும் நிரப்ப இயலாது. அதற்குப் பதினைவர் வேண்டும். ஆயினும் பாடசாலை தொடங்கிய அதே ஆண்டிலேயே அவர் அவ்வாட்டத்தைத் தம் மாணவர்க்கு அறிமுகப்படுத்தினார். எதிர்த்து ஆட வேறொரு பாடசாலை முன்வருவதற்குப் பதினைந்து ஆண்டுகள் சென்றன. அதுவரை பாடசாலை எதிரணி இல்லை. பாடசாலை நிருவாகத்தை அறிந்தோர்க்கு இதன் அருமை விளங்கும். பயன் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தொடங்குதல் எளிதன்று.

அந்நாளில் றக்பி இந்நாட்டவரின் ஆட்டமாக இருக்கவில்லை. கொழும்பில் 1879ஆம் ஆண்டு தோன்றிய கழகமும், மலைநாட்டுத் தோட்டங்களிலே துரைமார் அமைத்துக்கொண்ட கழகங்களும் ஐரோப்பியருக்கே உரியவை. டிக்கோயாப் பகுதியின் தரவளையிலும், டிம்புளைப் பகுதியின் றதெல்லையிலும் உள்ள பசும்புல் திடல்களைக் காண்போர் அவற்றின் அழகை வியப்பர். தேயிலை மலையில் ஒரு சமதளம் தானே தோன்றுவதில்லை. கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் அம்மலைகளை வளமாக்கிய தமிழ்த் தொழிலாளர்க்கு அத்திடல்களின் எல்லைக்கோட்டுக்கு வெளியேதான் இடம் இருந்தது. கழகத்தின் கதவு மூடியிருந்த காலத்தில், பாடசாலையின் வழியாக இவ்வாட்டத்தை இந்நாட்டுச் சிறுவர் கையிற் கொடுத்தவர் புளேஸ். இலங்கை றக்பிச் சங்கம் அமைந்ததே 1908ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில்தான். சங்கம் பிறப்பதற்கு ஈராண்டு முன்னரே கண்டிச் சிறுவர் ஆடி முடித்துவிட்டனர்!

திரினிற்றியின் அதிபராக 1904ஆம் ஆண்டில் வந்தவர் பாதிரியார் ஏ. ஜி. பிரேசர். ஊக்கம் மிக்கவர்; இருபதாண்டுகள் அப்பொறுப்பில் இருந்தவர். அவர் வந்தபின்னரே புளேசின் மாணவர்க்கு எதிரணி கிடைத்தது. தாம் பயின்ற பாடசாலையே தம் பாடசாலையை எதிர்த்து நின்றபோது, நாற்பத்து நான்கு வயதினரான புளேஸ் எப்பக்கம் நோக்கி மகிழ்ந்திருப்பார்? ஆறுக்கு ஆறு என்ற முடிவு அவருக்கு ஒருவகையில் வசதியாகவே அமைந்தது எனலாம்.

அதே 1906ஆம் ஆண்டில், உலகின் மறுபுறத்தில், இவ்வாட்டத்தின் உறவினனாகிய அமெரிக்கக் கால்பந்துக்கு நேர்ந்ததையும் அறிதல் நன்று. கனடாவின் மக்கில் பல்கலைக்கழக மாணவர் 1874ஆம் ஆண்டில் ஹாவர்ட் மாணவரோடு ஆடியதன் வழியாக றக்பி அமெரிக்கக் கல்லூரிகளிற் பரவி, பின்னர் விதிகள் மாறி வேறோர் ஆட்டமாயிற்று. அங்கே பணம் விரைவில் நுழைந்தது. 1892ஆம் ஆண்டில் பிற்ஸ்பேர்க்கில் ஹெபல்பிங்கர் என்னும் வீரர் ஒரே ஆட்டத்துக்கு 500 டொலர் பெற்றார். ஒகையோ மாநிலத்தில் மசிலன், காண்டன் என்னும் இரு அயல் நகரங்கள் கூலி கொடுத்து வீரரைத் திரட்டின. 1906ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அவை இருமுறை மோதின. முதல் ஆட்டத்தைக் காண்டன் 10க்கு 5 என வென்றது. மறு ஆட்டத்தை மசிலன் 13க்கு 6 என வென்றது. பந்தயப் பணத்துக்காக ஆட்டம் விற்கப்பட்டதென்று மசிலன் பத்திரிகையொன்று குற்றஞ்சாட்டியது. குற்றம் நிறுவப்படவில்லை, ஆயினும் மக்களின் நம்பிக்கை போயிற்று. மசிலன் அவ்வாண்டுடன் நான்கு ஆண்டுகளாகத் தொடர்ந்து மாநிலப் பட்டம் பெற்றிருந்தும், இரு நகரங்களிலும் கூலி ஆட்டம் சில காலம் படுத்துவிட்டது. அதே காண்டன் நகரில்தான் 1920ஆம் ஆண்டில் இன்றைய தேசியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கு வித்திடப்பட்டது என்பது வேறு கதை.

கூலிக்கு ஆடுவோரை இலங்கையும் விரைவிலேயே கண்டது. 1907ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், இங்கிலாந்து செல்லும் வழியில், நியூசிலாந்து அணியொன்று கொழும்பில் இறங்கி அகில இலங்கை அணியை 33க்கு 6 எனத் தோற்கடித்தது. பாஸ்கவில் என்னும் இளைஞர் திரட்டிய அணி அது. வீரர் ஒவ்வொருவரும் 50 பவுண் முதலிட்டு, வரும் இலாபத்தைப் பங்கிடுவதென்று புறப்பட்டனர். இதன் பொருட்டு அவர்களுடைய நாட்டுச் சங்கம் அவர்களை விலக்கிவைத்தது. வேலையை விட்டு மாதக்கணக்கில் கப்பலேறுபவன் குடும்பத்துக்கு ஏதேனும் ஊதியம் கேட்பது அத்துணைப் பெரும் பாவமா? மசிலன் நகரத்துச் சூதையும் இவர்களுடைய கேள்வியையும் ஒரே தராசில் இடுதல் முறையன்று. பாஸ்கவில் ஊர் திரும்பவில்லை. 1908ஆம் ஆண்டில் பிரிஸ்பேனில் சளிச்சுரங் கண்டு, இருபத்தைந்து வயதில் இறந்தார்.

அவர்கள் கேட்டதை றக்பி உலகம் ஏற்றுக்கொள்ள 1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் வரை சென்றது. அதன்பின் பணம் கொடுத்து ஆடச்செய்தல் எங்கும் வெளிப்படையாயிற்று. கண்டியின் நித்தவலைத் திடலிலும் பசுபிக் தீவுகளிலிருந்து வந்த வீரர்களைக் காண முடிந்தது. ஒருகாலத்தில் ஐரோப்பியருக்கே உரித்தாயிருந்த ஆட்டத்தில், கொழும்புக் கழகங்களை ஆண்டுக்காண்டு பின்தள்ளும் அணியாகக் கண்டி விளையாட்டுக் கழகம் வளர்ந்தது. அவ்வணிக்கு ஆளெடுக்கும் நாற்றுமேடைகள் கண்டிப் பாடசாலைகளே.

புளேஸ் 1923ஆம் ஆண்டு வரை அதிபராக இருந்தார். ஈராண்டு கழித்து அவர் பாடசாலை முல்கம்பளையிலுள்ள றண்டில்ஸ் குன்றுக்குச் சென்றது. திரினிற்றியும் கொழும்பு றோயல் கல்லூரியும் 1945ஆம் ஆண்டில் பிராட்பிக் கேடயத்துக்காக ஆடத் தொடங்கின. 1950ஆம் ஆண்டில் பிரித்தானியத் தீவுகளின் அணி கொழும்பில் இலங்கையை 44க்கு 6 என வென்றது. அடுத்த ஆண்டில் புளேஸ் காலமானார். அப்போது அவருக்குத் தொண்ணூறாம் வயது நடந்துகொண்டிருந்தது. பதினொரு மாணவரோடு அவர் தொடங்கிய பாடசாலையும் அவர் பயின்ற பாடசாலையும் பின்னரும் திடலில் எதிரெதிரே நின்றன.