கல்லில் உறைந்த கடல் நத்தைகள்

பூண்டுலோயாவின் தேயிலைச் சரிவுகளில் கல்லாய்ச் சமைந்த கடல் நத்தையைத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். அம்மலைப் பாறைகள் பெருவெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லோ மயோசீன் காலக் கடலில் படிந்தது. தமிழகத்து அரியலூர்ப் படிவுகள் அதனினும் பழமையான கிரெட்டேசியஸ் காலத்தவை. அப்பகுதியின் நத்தை ஓடுகளை ஸ்டோலிச்கா என்னும் அறிஞர் 1867, 1868 ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்து நூலாக்கினார்.

ஓட்டை இனங்காண்பது எங்ஙனம்? பருமனை மட்டும் நம்பலாகாது. பேரினத்தின் குஞ்சும் சிறியதே. சுருள்கள் எத்தனை, முடி நெடியதோ குறியதோ, வாய் எவ்வடிவினது, நடுத்தண்டில் மடிப்புகள் உண்டோ என்பவற்றை ஒருங்கே நோக்குதல் வேண்டும். டரிட்டெல்லா திருகூசிபோல் நெடியது. சோழியின் வாய் பற்கள் நிறைந்த நீண்ட பிளவு. சங்கின் நடுத்தண்டிலோ மூன்று நான்கு மடிப்புகள் விளங்கும்.

சில வேளைகளில் ஓடு கரைந்து, உள்ளே இறுகிய வார்ப்பே எஞ்சும். அதில் புறவரிகள் இரா. அந்நிலையில் பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை. துணிந்து சூட்டிய தவறான பெயர், பாறையின் வயதையே பிழைபடச் செய்யும்.