மந்தையும் மன்றமும்

(வன்னியம்பட்டியில் ஊர்மக்கள் முன்னிலையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்துருவம்)



மன்றம் என்னும் சொல்லை இற்றைத் தமிழன் எங்கெங்கோ எழுதி ஒட்டிவைத்திருக்கின்றான். திரைப்பட நடிகனுக்கு மன்றம்; கட்சித் தலைவனுக்கு மன்றம்; வழக்காடுவதற்கு நீதிமன்றம். ஆனால் அச்சொல் பிறந்த இடமோ ஊர் நடுவே, மரநிழலில், எல்லாரும் வந்து அமர்ந்த வெட்டவெளியாகும். மன்று, அம்பலம், பொதியில், சாவடி, களம், மந்தை, ஊருணி எனப் பொதுவிடத்தைக் குறிக்க இத்தனை சொற்களை ஓர் இனம் படைத்து வைத்திருக்குமாயின், அவ்வினத்தின் வாழ்வில் பாதி வீட்டுக்கு வெளியிலேயே நடந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. பொதியில் என்பது பொதுவான இல். ஊரார் அனைவர்க்கும் உரிய வீடு.

இளங்கோவடிகள் புகார் நகரத்தைக் காட்டுமிடத்து, இந்திரவிழவு ஊரெடுத்த காதையில், ஐந்து மன்றங்களைக் கூறுகின்றார்: வெள்ளிடை மன்றம், இலஞ்சி மன்றம், நெடுங்கல் நின்ற மன்றம், பூத சதுக்கம், பாவை மன்றம். அவற்றுள் இலஞ்சி மன்றத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கூனரும் குறளரும் ஊமரும் செவிடரும் தொழுநோய் உற்றோரும் அங்குள்ள பொய்கையில் முழுகி நலம் பெறுவர் என்பது அடிகள் தரும் செய்தி. பொய்கை நீர் நோய் தீர்க்குமோ தீர்க்காதோ, அஃது ஒருபுறம் இருக்கட்டும். பிறரால் ஒதுக்கப்படும் உடலுடையோர்க்கு நகர நடுவில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது என்று ஒரு புலவன் எண்ணியதே பெரிதன்றோ? பாவை மன்றத்திலோ, அரசனது செங்கோல் வளைந்தால் கற்பாவை வாய் திறவாது கண்ணீர் உகுக்கும். பொதுவிடம் என்பது ஆள்வோனையும் அளக்கும் கோல் என்று அக்காலத் தமிழன் கருதினான்.

அரங்கேற்று காதையில் ஆடரங்கின் அளவே கூறப்படுகின்றது. இருபத்து நான்கு விரல் நீளமுடைய மூங்கிற்கோலால் அளந்து, ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையதாக அரங்கு அமைத்தனர், புகவும் வெளிவரவும் இரு வாயில்கள், மூவகை எழினிகள். அரசன்முன் ஆடிய அரங்கே எனினும், இத்துணை நுட்பமாக மேடை அளந்த ஓரினம், கலையைத் தனியொருவர் முற்றத்துப் பொழுதுபோக்காகக் கருதியிருக்க இயலாது. வடவரிடமிருந்தே கூத்தும் அரங்கும் கற்றோம் என்று இன்றும் சிலர் எழுதி வருவதற்கு இவ்வளவுகளே விடையாகும்.

தொலைவிற் போகவேண்டா. இவ்வன்னியம்பட்டிக்கு அண்மையிலேயே திருவில்லிபுத்தூர் இருக்கின்றது. அவ்வூரில் தோன்றிய ஆண்டாளின் திருப்பாவை முப்பது பாட்டுகளையும் சமயநூலாக மட்டும் படிப்போர் ஒன்றை விட்டுவிடுகின்றனர். மார்கழி விடியலில் பெண்பிள்ளைகள் ஒருத்தி வாயிலில் மற்றவர் நின்று எழுப்பி, தூங்குபவளை எள்ளி, விடையிறுப்பவளோடு வாதாடி, எல்லாருமாகத் திரண்டு செல்லும் தெருநிகழ்ச்சியே அந்நூலின் உடலாகும். ஒருத்தி தனியே நோன்பு நோற்றிருந்தால் அப்பாட்டுக்கு வேலையே இல்லை. அதுவும் வடமொழியிலன்று, தெருவில் பேசிய தமிழில்.

அவ்வூர் ஆடித் தேரும் அத்தகையதே. எத்துணைச் செல்வனாயினும் அப்பெருந்தேரைத் தனியே ஒரு முழம் நகர்த்திவிட முடியாது. வடம் பிடிக்க ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும். அக்கைகள் ஒரே நொடியில் இழுக்கவேண்டும். ஒலி எழுப்புவோன் சொல்லுக்கு அத்தனை தோள்களும் கட்டுப்படும் அந்நொடியில், இழுப்பவன் தன்னைத் தனியன் என்று எண்ணுவதில்லை.

ஆனால் இவ்விடத்தில்தான் தமிழன் தலைகுனிய வேண்டியுள்ளது. வடத்தை எவன் தொடலாம், எவன் தொடலாகாது என்னும் பூசலை எழுப்பியவனும் தமிழனே. சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவியில் இப்பூசலாலும் தேரின் பழுதாலும் தேர் பல்லாண்டுகள் ஓடாது நின்று, 2024ஆம் ஆண்டில்தான் மீண்டும் வீதிக்கு வந்தது. மதுரை மாவட்டத்தில் எழுமலையை அடுத்த உத்தபுரத்தில் 1989இல் ஊரின் குறுக்கே ஒரு சுவர் எழுந்தது. தமிழ் பேசுவோரைத் தமிழ் பேசுவோரிடமிருந்து பிரிக்கும் சுவர்! 2008ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டு வழி திறக்கப்பட்டது. அவ்வூர் முத்தாலம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் நுழைய 2011 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த விருதுநகர் மாவட்டத்திலேயே 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டபோது மூண்ட கலவரத்தை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். அதன் முடிவாகத் தமிழ்நாட்டின் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களே நீக்கப்பட்டன. எல்லார்க்கும் உரிய பேருந்தில்கூட ஒரு பெயரைப் பொறுத்துக்கொள்ள இயலாதவன், தமிழினம் ஒன்று என மேடையில் முழங்குவதாற் பயன் யாது?

இதே மண்ணில் இதற்கு மறுமொழியாக வாழ்ந்த ஒருவரை இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். சிவகாசியில் 1886இல் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்தவர் நாடகக் கலைஞர் விசுவநாததாசு. முடிதிருத்தும் தொழில்செய்யும் குடியிற் பிறந்தவர். அந்நாளில் நாடகக் கொட்டகையே ஊரின் பெரும்பொதுவிடம். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் எட்டப் பாடவல்லவனே நடிகன். முருகனாகவும் கோவலனாகவும் மேடையேறிய அவர், வள்ளியின் தினைப்புனத்தில் பறவை ஓட்டும் பாட்டையே வெள்ளையனை ஓட்டும் பாட்டாக மாற்றினார். புராணக் கதை பார்க்க வந்த உழவனும் கூலியாளும் அப்பாட்டை வாயில் ஏந்தி வீடு திரும்பினர். மதுரகவி பாசுகரதாசு போன்றோர் யாத்த பாடல்கள் இவ்வகையில் செய்தித்தாள் எட்டாத ஊர்களையும் எட்டின. ஆங்கில ஆட்சி அவரைப் பன்முறை சிறையிலிட்டது.

சிறையினும் கொடியது ஒன்று அவர்க்கு இருந்தது. அவருடைய பிறப்பைக் காட்டி, அவரோடு இணைந்து மேடையேற நடிகையர் சிலர் மறுத்தனர். மறுக்காது உடன்நடித்தவருள் ஒருவர் பின்னாளில் மதுரையில் மக்கள் தொண்டராக விளங்கிய கே. பி. சானகியம்மாள். பார்க்க வந்த மக்களோ, பாடுகின்றவன் எக்குடி என்று கேட்டுவிட்டுக் கைதட்டவில்லை! கொட்டகைக்கு வெளியே சாதி கேட்டவனும் உள்ளே பாட்டைத்தான் கேட்டான். 1940 திசம்பர் 31ஆம் நாள் இரவு, சென்னை இராயல் அரங்கில் வள்ளி திருமணம் நாடகத்தில் முருகனாக மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்த நிலையிலேயே அவர் உயிர் பிரிந்தது. கலை பொதுவிடத்தை எவ்வாறு உண்மையிலேயே பொதுவாக்குகின்றது என்பதற்கு அவர் வாழ்வினும் நல்ல விளக்கம் கிடைப்பது அரிது.

இனி, இராசபாளையம். பூ. ச. குமாரசாமி இராசா 1949 முதல் 1952 வரை சென்னை மாநிலத்தின் முதலமைச்சராகவும், பின்னர் ஒரிசாவின் ஆளுநராகவும் இருந்தவர். அவர் தம் சொந்த வீட்டையே கலைக்கென ஊருக்கு அளித்தார். அதுவே காந்தி கலை மன்றம். அவருடைய அரசியலோடு தமிழியக்கத்தார்க்கு வேறுபாடுகள் பல உண்டு. அவற்றை இங்கே மறைக்க வேண்டுவதில்லை. எனினும் கைக்கொண்ட பதவியால் வீட்டைப் பெருக்கிக்கொள்வோரையே கண்டு பழகிய கண்களுக்கு, இருந்த வீட்டைக் கொடுத்தவர் புதுமையாகத்தான் தோன்றுவார். இன்னொன்று. வீட்டில் தெலுங்கு வழங்கும் குடியில் வந்தவர் அளித்த இடம், சபா என்று பெயர் பெறாமல் மன்றம் என்று பெயர் பெற்றிருக்கின்றது. சென்னையின் இசையரங்குகளில் தமிழ்ப்பாட்டுக்கு இடம் கேட்டுப் போராட வேண்டியிருந்ததையும், அதன் விளைவாக 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியதையும் எண்ணிப் பார்ப்போர்க்கு இதன் அருமை விளங்கும். அடுப்பங்கரையில் எம்மொழி வழங்கினும், ஊர்மன்றத்தில் தமிழே பொதுமொழி என ஏற்பவர் தமிழ்நாட்டுக் குடிமக்களே.

இற்றை நிலைக்கு வருவோம். ஊராட்சிக் கட்டடத்தில் ஒலித்த ஒற்றை வானொலியைச் சுற்றி ஊரே அமர்ந்த காலம் ஒன்று இருந்தது. பின்னர்ப் பொதுத் தொலைக்காட்சி வந்தது. அப்போதும் மக்கள் கூடியே பார்த்தனர். 2006 முதல் அரசே வீடுதோறும் வண்ணத் தொலைக்காட்சி வழங்கிற்று, மந்தை காலியாயிற்று. இப்போது செல்பேசி வந்தபின் ஒரே திண்ணையில் அமர்ந்த நால்வரும் நான்கு உலகங்களில் இருக்கின்றனர். இக்கருவிகளைப் பழிப்பது வீண். ஒன்றுகூடும் காரணத்தை அவை பறித்துக்கொண்டன என்பதை மட்டும் உணர்ந்தாற் போதும்.

காலியான மந்தையை யார் நிரப்பினர்? அவரவர் சாதிக்கு ஒரு திருமண மண்டபம். வாயிலில் பெரிய எழுத்தில் 'சமுதாயக்கூடம்'. தென்மாவட்டங்களில் சமுதாயம் என்றாலே சாதி என்று பொருளாகிவிட்டது. தூய தமிழில் குமுகாயம் என்று சொல்ல வேண்டும் என்பது வெறுஞ்சொல் மாற்றமன்று என்பதை இப்போதாவது உணர்வீர்கள். ஒரு சொல் கெட்டால் அது காட்டும் பொருளும் கெடுகின்றது. மண்டபத்திற் பிரிந்த பிள்ளைகள் பள்ளியில் கைக்கயிற்றின் நிறத்தால் பிரிகின்றனர். நாங்குநேரி நிகழ்ச்சிக்குப்பின் அமைக்கப்பட்ட நீதியர் சந்துரு குழு, அக்கயிறுகளைத் தடைசெய்யுமாறு 2024இல் அரசுக்குப் பரிந்துரைத்தது. கயிற்றை அறுத்துவிடலாம். அறுத்தபின் அப்பிள்ளைகள் மாலையில் எங்கே சேர்ந்து நிற்பார்கள்? ஒயிலாட்டத்துக்கோ கும்மிக்கோ ஒரே வட்டத்தில் கால் எடுத்து வைக்க அவர்களுக்கு இடம் எங்கே இருக்கின்றது?

இடம் இருக்கின்றது, அதைக் காக்கவேண்டும். மந்தையும் களமும் ஊருணியும் புறம்போக்கு எனப் பதிவாகியிருப்பதாலேயே ஆளுக்கு ஒரு முழமாக வளைக்கப்படுகின்றன. ஊர்ப்பொது நிலங்களில் உள்ள வளைப்புகளை அகற்றுமாறு 2011 சனவரியில் உச்சநீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டுள்ளது. சட்டம் ஊர்ப்பக்கம் நிற்கின்றது. ஊர்தான் எழுந்து நிற்கவில்லை.

கிராமசபை என வழங்கும் ஊரவை ஆண்டில் ஆறு நாள்கள் கூடவேண்டும் எனத் தமிழ்நாட்டரசு 2022இல் வகுத்தது. தமிழ்நாடு மொழிவழி மாநிலமாக அமைந்த நவம்பர் முதல் நாளும் அவற்றுள் ஒன்று. வரும் ஊரவையில் உங்கள் ஊர் மந்தையின் அளவெண், பரப்பு, நான்கெல்லை ஆகியவற்றைப் பதிவேட்டிலிருந்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவ்விடம் எல்லாக் குடியினர்க்கும் உரிய ஆடுகளமாகவும் அவைக்களமாகவும் மட்டுமே இருக்கும் என நல்ல தமிழில் ஒரு தீர்மானம் எழுதுங்கள். கையொப்பமிடக் கீழத்தெருக்காரரையும் மேலத்தெருக்காரரையும் ஒன்றாக அழைத்துச் செல்லுங்கள். அன்று மாலையே அங்குப் பறையும் தவிலும் ஒலிக்கட்டும். பெண்கள் முன்வரிசையில் அமரட்டும்.