ட்யூனர் அட்டையும் பழைய ஒளிநாடாவும்



மாதுங்காவிலும் கரோல் பாக்கிலும், ஜாம்ஷெட்பூரிலும் பிலாயிலும் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில், பரண்மீதோ அலமாரியின் அடித்தட்டிலோ நான்கைந்து வீடியோ காசெட்டுகள் கிடப்பதைக் காணலாம். 1980-களிலும் 1990-களிலும் ஊரில் நடந்த திருமணமும், அறுபதாங் கல்யாணமும், குழந்தைக்குக் காது குத்தியதும் அவற்றில் அடங்கியுள்ளன. மறைந்த பாட்டியாரின் குரல் அந்த நாடாவிலன்றி வேறெங்கும் இராது. அதனை ஓட்டும் கருவியோ இனிப் புதிதாகக் கிடைப்பது அரிது. கடைசிவரை அக்கருவியைச் செய்துவந்த ஃபுனாய் என்னும் ஜப்பானிய நிறுவனம் 2016-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களோடு அத்தொழிலை விட்டுவிட்டது. ஆதலின் நாடாவில் உள்ளதைக் கணிப்பொறிக்கு மாற்றிக்கொள்ள எண்ணுவோர் காலந்தாழ்த்தலாகாது.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. பழைய மேசைக் கணிப்பொறி ஒன்றும், ஒருகாலத்தில் டெலிவிஷன் பார்ப்பதற்கென விற்கப்பட்ட ட்யூனர் அட்டை ஒன்றும் போதும். அத்தகைய அட்டைகள் பலவற்றில் ‘பி.டி. 878’ என்னும் சில்லு பொருத்தப்பட்டிருந்தது. அதனை வேலை வாங்கும் ‘பி.டி.டி.வி.’ என்னும் டிரைவர் லினக்ஸில் இன்றும் இருக்கிறது. ஆயினும் அட்டையைச் செருகியவுடன் படம் வந்துவிடுமென்று சொல்வதற்கில்லை. வராதபோது நம்மவர் செய்வது என்ன? லினக்ஸ் முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். ஒருநாள் வீணாகும், கோளாறு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

முதலில் அறியவேண்டுவது, கணிப்பொறியின் கண்ணுக்கு அட்டை தென்படுகிறதா என்பதே. எல்-எஸ்-பி-சி-ஐ என்னும் ஐந்தெழுத்துக் கட்டளையைத் தட்டினால், செருகப்பட்ட அட்டைகளின் பட்டியல் வரும். அதில் நம் அட்டை இல்லையெனில் டிரைவரைக் குறைகூறிப் பயனில்லை. மின்சாரத்தை நிறுத்தி, அட்டையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் மெல்லத் துடைத்து, மீண்டும் அழுத்திச் செருகுக. பல ஆண்டுகள் தூசியில் கிடந்த அட்டைகளுள் சில இவ்வளவிலேயே சரியாகிவிடும்.

பட்டியலில் இருந்தும் படம் இல்லையெனில், டி-எம்-ஈ-எஸ்-ஜி என்னும் கட்டளையால் கெர்னலின் குறிப்பேட்டைப் பார்க்கவேண்டும். இன்னது கண்டேன், இன்னது புரியவில்லை என்று கெர்னல் தானே எழுதிவைத்திருக்கும். அதில் அட்டையின் பெயர் ‘அன்னோன், ஜெனரிக்’ என்றும் எண் பூச்சியம் என்றும் காணப்பட்டால், டிரைவர் அட்டையை இனங்காணவில்லை என்பது பொருள். மலிவான அட்டைகள் சிலவற்றில் தம்மைச் செய்தவர் யார் என்று சொல்லும் நினைவகச் சில்லே கிடையாது. டிரைவர் என்ன செய்யும்? கெர்னல் ஆவணங்களில் நூற்றுக்கு மேற்பட்ட அட்டைகளின் பெயரும் எண்ணும் வரிசையாகத் தரப்பட்டுள்ளன. நம்முடையதற்கு உரிய எண்ணைத் தேர்ந்து, ‘மாட்ப்ரோப்-டி’ என்னும் அடைவில் உள்ள கோப்பொன்றில் எழுதி, டிரைவரை நீக்கி மறுபடி ஏற்றுக. எந்தத் துளை எந்த உள்வழியோடு இணைந்தது என்பதை டிரைவருக்கு உணர்த்துவது அந்த எண்ணே.

ட்யூனருக்கும் ஓர் எண் உண்டு. அதைத் தேடியே பலர் இரவெல்லாம் கண்விழிக்கிறார்கள். நமக்கு அது தேவையே இல்லை. ட்யூனர், ஆண்டெனாவில் வரும் அலையைப் பிடிப்பதற்கானது. காசெட்டுக் கருவியின் மஞ்சள் கம்பியோ அதனைத் தொடாமல் நேரே உள்ளே செல்கிறது. மேலும் தூர்தர்ஷன் தன் பழைய அனலாக் தரைவழி ஒளிபரப்பிகளுள் பெரும்பாலானவற்றை 2022-ஆம் ஆண்டுக்குள் நிறுத்திவிட்டது. அலைவரிசை தேடி வெறும் புள்ளிமழையைக் கண்டு மனம் தளரவேண்டாம். நிரலின் உள்வழி ‘டெலிவிஷன்’ என்று இருப்பதைக் ‘காம்போசிட்’ என மாற்றுக. கணிப்பொறியில் வெப்காமெரா இருந்தால் ‘வீடியோ பூச்சியம்’ என்னும் பெயரை அது முந்திப் பற்றிக்கொண்டு, நம் அட்டை ‘வீடியோ ஒன்று’ ஆகியிருக்கக்கூடும், அதையும் பார்த்துக்கொள்க. அனுமதி மறுக்கப்பட்டது என்று செய்தி வந்தால், உங்கள் பயனர் பெயரை ‘வீடியோ’ குழுவில் சேர்த்து, வெளியேறி, மீண்டும் உள்நுழைக.

நம் நாட்டு நாடாக்கள் 625 வரிகள் கொண்ட பால் முறையைச் சேர்ந்தவை. அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பியவை 525 வரிகளுள்ள என்.டி.எஸ்.சி. முறையினவாக இருக்கலாம். முறை மாறினால் படம் உருளும், அல்லது நிறமிழக்கும். ஒலியை ட்யூனர் அட்டையின் வழியே கொண்டுவர முயலவேண்டாம். காசெட்டுக் கருவியிலிருந்து கணிப்பொறியின் ‘லைன் இன்’ துளைக்குத் தனிக் கம்பி இடுவதே எளிது.

பழைய நாடா தேய்ந்தும் நீண்டும் போயிருக்குமாதலால் வரிகளின் கால ஒழுங்கு தடுமாறிப் படம் நெளியும். இதனை முன்னறிந்தவர்கள் பி.டி.டி.வி. டிரைவரிலேயே ‘வி.சி.ஆர். ஹாக்’ என்றொரு விசையை வைத்திருக்கிறார்கள். அது வழக்கமாக அணைந்தே இருக்கும், ஏற்றிப் பாருங்கள்.

இச்சோதனைகளையெல்லாம் திருமண நாடாவை இட்டுச் செய்யலாகாது. ஓட்டந்தோறும் நாடா தேயும். எப்போதோ பதிந்துவைத்த சினிமா நாடா ஒன்றைக் கொண்டு யாவும் சரியென உறுதிசெய்த பின்னரே அதனை எடுக்கவேண்டும். காசெட்டின் சாளரத்தின் வழியே வெண்ணிறப் பூஞ்சை தெரிந்தால் கருவியில் இடவே வேண்டாம். அஃது உள்ளிருக்கும் தலையைக் கெடுத்து, அடுத்து வரும் நாடாவையும் பற்றும். அதனைத் தனியே எடுத்துவைத்து, நாடாவைத் துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.