பைப்காரருக்குச் செக்ரோலில் என்ன பேர்?

(பொகவந்தலாவையில் நடந்த தோட்டத் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலையில் பீலியில் தண்ணீர் வராவிட்டால் நாம் முதலில் யாரைத் திட்டுகிறோம்? தொரையை அல்ல, பைப்காரரை. நானும் திட்டியிருக்கிறேன். பாடசாலையில் மூன்று நாள் தண்ணீர் இல்லாதபோது அவருடைய லயத்துக்கே போய்ச் சத்தம் போட்டேன். அவர் கோபப்படவில்லை. "சனிக்கிழமை என்கூட மேலே வாங்க சேர்" என்றார். போனேன்.

தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஊற்றை மறித்து ஒரு சிறிய கட்டு. அதன் வாயில் அடைத்திருந்த சருகை அள்ளுவதுதான் அன்றைய முதல் வேலை. அங்கிருந்து லயம் வரை மோட்டார் கிடையாது. இறக்கம்தான் தண்ணீரைத் தள்ளுகிறது. நூறு அடி இறக்கத்துக்குக் குழாய்க்குள் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 43 இறாத்தல் அழுத்தம் ஏறும். நடுவழியில் தொட்டி கட்டுவது அந்த அழுத்தத்தை உடைக்கத்தான். தொட்டியை விட்டுவிட்டு நேராக லைன் இழுத்தால் கீழ்லயத்தில் பைப் வெடிக்கும். பைப் மேடேறி இறங்குகிற இடத்தில் காற்று தங்கிவிடும். ஊற்றில் தண்ணீர் நிறைந்திருந்தும் பீலியில் சொட்டு வராது. அங்கே ஒரு காற்று வால்வு பூட்டினால் போதும். பூட்டாததால் அவர் ஒவ்வொரு முறையும் சொக்கட்டைக் கழற்றிக் காற்றை வெளியேற்றுகிறார்.

பிவிசி பைப்பை ஒட்ட இரண்டு முனையும் காய்ந்திருக்க வேண்டும். மழையில், தண்ணீர் ஒழுகும் பைப்பை எப்படிக் காய வைப்பது? மேலே ஏறி வால்வை மூடி, இறங்கி வந்து துடைத்து ஒட்டி, பசை பிடிக்கும்வரை காத்திருந்து, மறுபடி ஏறித் திறக்க வேண்டும். அரை நாள் போய்விடும். கீழே குடத்துடன் நிற்கிற நமக்கு அது "ஒரு எல்போ மாத்த இவ்வளவு நேரமா?"

இந்தப் பள்ளத்தாக்கின் தண்ணீர் கெசல்கமு ஓயாவாக ஓடி, காசல்ரீயை நிரப்பி, நாட்டுக்கு மின்சாரமாகிறது. நம் லயத்துக்கு வருகிற தண்ணீர் இந்த ஒரு மனிதரின் காலை நம்பி இருக்கிறது.

அவருக்குச் செக்ரோலில் எழுதப்படும் வேலை என்ன தெரியுமா? புல்லுவெட்டு. இரவில் போனால் அதுவும் இல்லை. போன வருடம் ஒரு மழை இரவில் வால்வு திறக்கப் போனவர் வழுக்கி விழுந்து கை முறிந்தது. வேலையின்போது, வேலையின் காரணமாக ஏற்படும் காயத்துக்கு முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று 1934ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. ஆனால் ஆபீசில் கேட்ட கேள்வி: "அந்நேரம் உன்னை யார் போகச் சொன்னது?" அவரிடம் பதில் இல்லை. சொன்னது நாம்தான். லயத்திலிருந்து கோல் எடுத்தது நம்மில் ஒருவர்.

ஆகவே நாம் கேட்பது: அவருடைய வேலைகள் எழுத்தில் வேண்டும். சருகு அள்ளுவது, தொட்டி கழுவுவது, குளோரின் போடுவது எல்லாம் அதில் வரட்டும். இரவு வேலை உத்தியோகத்தர் மூலம் சொல்லப்பட்டு, அன்றே பதியப்பட வேண்டும். காட்டுப்பக்கம் தனியாக அனுப்பக் கூடாது. அதுவரை நாமும் இரவில் அவருக்குக் கோல் எடுக்காமல் கணக்கப்பிள்ளைக்கு எடுப்போம்.

இளைஞர்களுக்கு ஒன்று. குழாய் வேலைக்குத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் உண்டு. வகுப்புக்குப் போகாமல் அனுபவத்தால் கற்றவரும் தம் திறமையைச் செய்து காட்டி அதைப் பெறலாம். நம் அண்ணனுக்கு விண்ணப்பம் நிரப்பும் வேலை என்னுடையது.

அடுத்த கூட்டத்துக்கு உங்கள் தோட்டத்துப் பைப்காரரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். என்னென்ன செய்கிறார் என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். நான் கொப்பியோடு உட்கார்ந்திருப்பேன்.