காலையில ஸ்டார்ட் ஆகாத வண்டி

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், சொந்தமாக லோடு வண்டி வைத்திருக்கும் நீலகிரிக் குழு ஒன்றின் சார்பாகப் பேசியது)



போன கூட்டத்தில் இன்னும் மூன்று குழுக்கள் வண்டி வாங்கக் கடன் கேட்டிருப்பதாகத் தலைவி அக்கா சொன்னார்கள். "நீங்க பட்ட பாட்டை அவங்களுக்கும் சொல்லுங்க" என்றார்கள். அதனால்தான் வந்து நிற்கிறோம். நாங்க மெக்கானிக் இல்லை. பன்னிரண்டு பேரில் ஒருத்தருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது. ஆனா எங்க வண்டி ஏன் காலையில கிளம்பலைன்னு கண்டுபிடிச்சதுல எங்க பங்கும் இருக்கு. அதைச் சொல்றோம்.

எங்களுக்குக் கேரட் தொழில். நடுராத்திரி தாண்டியதும் தோட்டத்தில் இறங்கிப் பிடுங்கி, கழுவி, மூட்டை கட்டி, நாலு மணிக்கு வண்டி கிளம்பினால்தான் குன்னூர், பர்லியார் வழியாக இறங்கி நேரத்துக்கு மேட்டுப்பாளையம் மண்டியைச் சேர முடியும். வாடகை வண்டிக்குக் கொடுத்துக் கட்டாமல், வங்கிக் கடனில் ஒரு பழைய டீசல் பிக்கப் வாங்கினோம். முதல் எட்டு மாதம் ஒரு தொல்லையும் இல்லை. மார்கழி வந்தது. எங்க பக்கம் டிசம்பர், ஜனவரியில் புல் மேல உப்புத் தூவின மாதிரி உறைபனி விழும். ராத்திரியில் பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் போகும், சில நாள் அதற்கும் கீழே இறங்கும். அந்தக் குளிரில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது. இன்ஜின் பிடிக்கவே இல்லை.

டிரைவர் தம்பி ஒரு வழி கண்டுபிடித்தார். ராத்திரியே வண்டியை இறக்கத்தில் நிறுத்தி வைப்பது, காலையில் உருளவிட்டு இரண்டாம் கியரில் கிளட்சை விடுவது. மலையில் எல்லோரும் செய்வதுதானே என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஜனவரியில் ஒரு நாள் வண்டி உருண்டது, இன்ஜின் பிடிக்கவில்லை. தம்பி பிரேக்கை மிதித்தார். பெடல் கல்லு மாதிரி இறுகிப் போச்சு. வண்டி பாதையை விட்டு விலகித் தேயிலைச் செடிகளுக்குள்ள போய் நின்றது. பின்னால் மூட்டை மேல எங்களில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். (அதுவும் தப்புதான், அதற்கப்புறம் யாரும் உட்காருவதில்லை.) செடி இல்லாமல் பள்ளமாக இருந்திருந்தால் இன்றைக்கு இந்தப் பேச்சே இருந்திருக்காது.

பிரேக் ஏன் அப்படி இறுகியது என்று பிறகுதான் தெரிந்தது. இந்த மாதிரி வண்டிகளில் நாம் மிதிக்கும் பலம் மட்டும் பிரேக்குக்குப் போதாது. இன்ஜின் ஓடும்போது ஒரு சின்ன பம்ப் காற்றை உறிஞ்சி, அந்த வெற்றிடத்தின் பலத்தால் நம் காலுக்கு உதவி செய்கிறது. இன்ஜின் நின்றிருந்தால் ஒன்றிரண்டு மிதிக்கு மேல் அந்த உதவி கிடைக்காது. பவர் ஸ்டியரிங் இருந்தால் அதுவும் கனத்துவிடும். சமதளத்தில் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது வேறு. லோடு ஏற்றிய வண்டியை மலை இறக்கத்தில் இன்ஜின் இல்லாமல் உருட்டுவது வேறு. அன்றைக்கே குழுவில் தீர்மானம் எழுதினோம்: இனி உருட்டி ஸ்டார்ட் செய்யக் கூடாது, அன்றைய லோடு போனாலும் பரவாயில்லை.

சரி, வண்டியைப் பழுது பார்க்கவே இல்லையா என்று கேட்பீங்க. மூன்று தடவை கீழே ஒரு பட்டறையில் காட்டினோம். இங்கேதான் விஷயமே இருக்கு. ஐம்பது கிலோமீட்டர் இறங்கிப் போய்ச் சேரும்போது இன்ஜின் நல்லாச் சூடாகி இருக்கும். கீழே வெயில் வேற. பட்டறைக்காரர் சாவியைத் திருப்புவார், உடனே பிடித்துவிடும். அவர் எங்கள் முகத்தைப் பார்ப்பார். மூன்றாவது தடவை, "இன்ஜின் தேஞ்சிருக்கும், ரீபோர் பண்ணணும், அறுபத்தஞ்சாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல வரவில்லை. நோயை அவர் கண்ணால் பார்க்கவே இல்லையே. காய்ச்சல் இறங்கின பிறகு பிள்ளையைத் தூக்கிக்கிட்டு டாக்டர்கிட்ட போன மாதிரிதான் நாங்க போயிருக்கோம்.

அந்த வாரக் குழுக் கூட்டம் சண்டையில்தான் முடிந்தது. உள்கடன் எடுத்து ரீபோர் செய்யலாம் என்று பாதிப் பேர். வண்டியை விற்றுத் தொலைக்கலாம் என்று மூன்று பேர். டிரைவர் தம்பிதான் சோம்பேறி, ராத்திரி ஒழுங்காகப் பார்ப்பதில்லை என்று மீதிப் பேர். பாவம், அந்தத் தம்பி வேலையை விடுவதாகவே சொல்லிவிட்டார்.

அப்போது எங்கள் பிரதிநிதி அக்காவின் தம்பி, குன்னூர்ப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கின் போன் நம்பரைக் கொடுத்தார். அவர் எங்களைக் கேட்ட முதல் கேள்வியே, "காலையில புகை வருதா, வரலையா? வந்தா என்ன நிறம்?" என்பதுதான். எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. "வண்டியைக் கொண்டு வராதீங்க. ஏழு நாள் காலையில நடக்கிறதை எழுதி அந்த நோட்டைக் கொண்டு வாங்க" என்றார். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். முறை போட்டு இரண்டு இரண்டு பேராக நின்று எழுதினோம்.

எழுதினது இவ்வளவுதான்: பனி விழுந்ததா, மழையா. செல்ஃப் வேகமாகச் சுத்துதா, இழுத்து இழுத்துச் சுத்துதா. சைலன்சரில் புகை வந்ததா, என்ன நிறம், என்ன வாசனை. எத்தனையாவது தடவை பிடித்தது. பிடித்த பிறகு எப்படி ஓடியது. மத்தியானம் திரும்பி வந்து நிறுத்தி மறுபடி எடுக்கும்போது எப்படி. கூடவே, ஆயில் அளவும் மேடேறும்போது இழுவையும்.

இதெல்லாம் எதற்கு என்று புரிய, டீசல் இன்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்ரோல் வண்டியில் தீப்பொறி வைக்க பிளக் உண்டு. டீசலில் பொறியே கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடும் இல்லையா, அதேதான். காற்றை இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கி அமுக்கும்போது அது பயங்கரமாகச் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைத் தூவினால் தானே பற்றிக்கொள்கிறது. குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டைக் குடித்துவிட்டால் பற்றாது. எங்க ஊர் உயரத்தில் கீழ்நாட்டைவிடக் காற்று கால் பங்கு மெலிசு, அதனால் சூடும் கொஞ்சம் குறைவு. இதற்காகத்தான் பழைய மாதிரி டீசல் வண்டிகளில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள். சாவியைப் பாதி திருப்பினால் சுருள் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். உள்ளே ஹீட்டர் பழுத்துச் சிவக்கும். விளக்கு அணைந்த பிறகுதான் செல்ஃப் அடிக்க வேண்டும்.

ஏழு நாள் நோட்டையும் அவர் பொறுமையாகப் படித்தார். செல்ஃப் எல்லா நாளும் வேகமாகச் சுற்றியிருக்கிறது, எனவே பாட்டரி மேல் அவருக்குச் சந்தேகம் இல்லை. எல்லா நாளும் வெள்ளைப் புகை, டீசல் நாற்றம். அப்படியென்றால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியாமல் வெளியே வருகிறது. புகையே இல்லாமல் வெறுமனே சுற்றியிருந்தால் டீசலே போகவில்லை என்று அர்த்தமாம். பிடித்த பிறகு இரண்டு நிமிடம் உதறுகிறது, அப்புறம் சரியாகிவிடுகிறது. பனி இல்லாத ஒரு நாள் இரண்டாவது தடவையிலேயே பிடித்திருக்கிறது. மத்தியானத்தில் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆயில் குறையவில்லை, மேட்டில் இழுவையும் குறையவில்லை. "தேஞ்ச இன்ஜின் ஆயில் குடிக்கும், மேட்டுல திணறும். இது அப்படித் தெரியலை. முதல்ல ஹீட்டரைப் பார்ப்போம்" என்றார்.

"விளக்கு ஒழுங்கா எரிஞ்சு அணையுதே?" என்று டிரைவர் தம்பி கேட்டார். அந்த விளக்கு நேரத்தை மட்டும்தான் காட்டும், பிளக் உயிரோட இருக்கான்னு நம்ம வண்டியில காட்டாது என்று பதில் வந்தது. இது எங்களுக்கும் பெரிய ஆச்சரியம்.

மறுநாள் விடிகாலை அவரே வந்தார், கையில் ஒரு சின்ன டெஸ்ட் லைட்டோடு. பன்னிரண்டு வோல்ட் பல்பு, இரண்டு ஒயர், வேறொன்றும் இல்லை. முதலில் சாவியைப் பாதி திருப்பச் சொல்லி, ஹீட்டருக்குக் கரண்டு வருகிறதா என்று பார்த்தார். வந்தது. பிறகு சாவியை அணைத்துவிட்டு, நான்கு பிளக்கையும் இணைக்கும் தகட்டைக் கழற்றினார். பாட்டரியின் பிளஸ்ஸில் ஒரு ஒயர், மறு ஒயரை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வைத்தார். முதல் பிளக்கில் பல்பு எரிந்தது. இரண்டாவதில் எரியவில்லை. மூன்றாவது, நான்காவதும் இல்லை. மூன்று ஹீட்டர் செத்துக் கிடந்திருக்கிறது! தகட்டைக் கழற்றாமல் பார்த்திருந்தால் நல்ல ஒன்று வழியாகவே கரண்டு போய், நாலுமே நல்லா இருக்குன்னு தோணியிருக்கும். நாலையும் புதுசாக மாற்ற, கூலியோடு இரண்டாயிரத்து நானூறு ரூபாய். அடுத்த நாள் நல்ல உறைபனி. விளக்கு அணையும்வரை காத்திருந்து சாவியைத் திருப்பினார் தம்பி. முதல் தடவையிலேயே பிடித்தது. கேரட் கழுவிக்கொண்டிருந்தவர்கள் கையைத் தட்டினார்கள்.

உங்கள் வண்டிக்கும் இதேதான் கோளாறு என்று நினைத்துவிடாதீங்க. செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றினால் முதலில் பாட்டரி. குளிரில் பாட்டரியின் பலம் குறையும், அதே நேரம் ஆயில் கெட்டியாகி இன்ஜினைச் சுற்றக் கூடுதல் பலம் கேட்கும். டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் கழற்றிச் சுடுதண்ணீர் ஊற்றித் துடைத்து இறுக்கினாலே சில வண்டிகள் சரியாகிவிடும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். ராத்திரி முழுக்க நின்ற பாட்டரியில் மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் அளவுக்குக் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. ஆயில் டப்பாவில் 15W-40 என்று போட்டிருக்கும். W-க்கு முன்னால் உள்ள எண் சிறியதாக இருந்தால் குளிரில் நன்றாக ஓடும். வண்டிப் புத்தகத்தில் சொன்னதை ஊற்றுங்கள், மலிவாகக் கிடைத்ததை அல்ல.

புகையே வராவிட்டால் டீசல் லைனில் காற்று புகுந்திருக்கலாம். ஓஸ் வெடித்திருந்தாலோ கிளிப் தளர்ந்திருந்தாலோ ராத்திரியில் டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடும். பில்டர் பக்கத்தில் கைப்பம்ப் இருந்தால், காலையில் அதை இறுகும்வரை அமுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். உடனே பிடித்தால் காற்றுதான் காரணம். இதெல்லாம் சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால், மீட்டர் வைத்து கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்க. அந்த எண்ணைக் கண்ணால் பார்க்காமல் ரீபோருக்குத் தீர்மானம் போடாதீங்க.

செய்யக் கூடாத இரண்டையும் சொல்லிவிடுகிறோம். பெட்ரோல் நனைத்த துணியை ஏர் பில்டர் வாயில் பிடிக்கிற பழக்கம் பல டிரைவர்களுக்கு உண்டு. உள்ளே ஹீட்டர் பழுத்திருக்கும்போது அது வெடிக்கும், இன்ஜினும் போகும், முகமும் போகும். டீசலில் மண்ணெண்ணெய் கலப்பதும் வேண்டாம், பம்புக்கு வழவழப்பு போய்விடும், சட்டப்படியும் குற்றம். லடாக் மாதிரி டீசலே உறைகிற இடங்களுக்காக 2019-ல் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் கொண்டு வந்தது. அங்கேயே அதற்கென்று தனி டீசல்தான், மண்ணெண்ணெய் இல்லை. செல்ஃபைப் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காமல், அரை நிமிடமாவது விட்டு விட்டு அடியுங்க.

புது வண்டி வாங்கப் போகிற குழுக்களுக்கு ஒன்று. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் எல்லாம் கம்ப்யூட்டர்தான். டீசல் குழாயில் அழுத்தம் மிக அதிகம், அதைப் பிரித்துக் கை வைக்கவே கூடாது. ஆனா காலையில் நடப்பதை நோட்டில் எழுத கம்ப்யூட்டர் தடுக்காது. கம்பெனி சர்வீசுக்குப் போனாலும் வண்டியை முந்தின நாள் சாயங்காலமே விட்டுவிட்டு, மறுநாள் காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது பார்க்கச் சொல்லுங்க.

டிரைவர் தம்பியிடம் குழுக் கூட்டத்திலேயே மன்னிப்புக் கேட்டோம். நோட்டு இப்போதும் வண்டியில் தொங்குகிறது, மூன்றாவது நோட்டு ஓடுகிறது.

வருகிற இரண்டாம் சனிக்கிழமை விடிகாலை, வண்டி வைத்திருக்கும் குழுக்களுக்கு டெஸ்ட் லைட்டோடு நாங்களே வர்றோம். முந்தின நாள் ராத்திரி வண்டியைச் சமதளத்தில், வெளியிலேயே நிறுத்தி வையுங்க. எங்களுக்குச் சிரமம் வேண்டாமேன்னு முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வச்சிடாதீங்க.